ஆயில் மாற்றியும் ஹோண்டா கார் டாஷ்போர்டில் பி13 என்ற சர்வீஸ் நினைவூட்டல் போகவில்லையா?

உங்கள் ஹோண்டாவில் பழுது எதுவும் இல்லை, சர்வீஸ் செய்தவர்கள் நினைவூட்டலை ரீசெட் செய்யாமல் விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். காரின் கணினி ஆயிலைத் தொட்டுப் பார்ப்பதில்லை. எஞ்சின் ஓடிய விதத்தை வைத்துக் கணக்குப் போடுகிறது, ஆயில் மாற்றியதை நாமாகச் சொன்னால்தான் அதற்குத் தெரியும்.

ஆனால் ரீசெட் செய்வதற்கு முன் சர்வீஸ் பில்லை எடுத்து, பி13-இல் உள்ள எல்லாம் செய்யப்பட்டதா என்று பாருங்கள். பி என்றால் ஆயிலும் ஃபில்டரும், கூடவே பிரேக் முதலியவற்றின் சோதனை. 1 டயர்களை இடம் மாற்றுவது. 3 கியர்பாக்ஸ் ஆயில், பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான். பில்லில் அது இல்லாமல் ரீசெட் செய்தால் நினைவூட்டலும் போய்விடும், பழைய ஆயில் உள்ளேயே கிடக்கும்.

அப்புறம், சிவிடி (பெல்ட்டில் இயங்கும் தானியங்கி கியர்பாக்ஸ்) வண்டி என்றால் கையேட்டில் சொன்ன சிவிடி ஆயில்தான் ஊற்ற வேண்டும், பல மாடல்களில் அது எச்சிஎஃப்-2. சாதாரண ஏடிஎஃப் (மற்ற தானியங்கி கியர்பாக்ஸ்களுக்கான ஆயில்) ஊற்ற விடாதீர்கள். டாஷ்போர்டில் எண்ணெய்க் குடுவை வடிவச் சிவப்பு விளக்கு எரிந்தால் அது வேறு விஷயம், ஓரமாக நிறுத்தி உடனே எஞ்சினை அணையுங்கள்.