ஆடு கொடுத்த பிறகு – கடிதம்

அன்புள்ள ஐயா,

வங்கதேசத்து வறுமை ஒழிப்புத் திட்டங்கள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நண்பர்கள் சேர்ந்து மூன்று லட்சம் ரூபாய் திரட்டியிருக்கிறோம். மலையடிவாரக் கிராமம் ஒன்றில் நிலமில்லாத 30 குடும்பங்களுக்கு, தீபாவளிக்கு முந்தைய ஞாயிறன்று பள்ளி மைதானத்தில் விழா வைத்து, ஆளுக்கு ஒரு பெட்டை ஆடு கொடுப்பதாகத் திட்டம். சந்தையில் ஆடு 7,000 ரூபாய் என்கிறார்கள். மீதியில் தீவனமும் ஒரு புடவையும். பணமாகவே கொடுத்துவிடலாம் என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். குடித்தே தீர்த்துவிடுவார்கள் என்பது என் பயம். ஆடா, பணமா? உலக வங்கி வறுமைக்கோட்டை ஆளுக்கு நாளொன்றுக்கு 3 டாலராக உயர்த்தியிருக்கிறதே, அது நமக்குப் பொருந்துமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வறுமைக்கோட்டை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். 2025 ஜூனில் 2.15 டாலர் 3 டாலர் ஆனது, நாடுகளை ஒப்பிடும் கணக்கைப் புதுப்பித்ததால். அது வங்கியில் மாற்றுகிற டாலரும் அல்ல, அந்தந்த நாட்டு விலைவாசிக்கு ஏற்பச் சரிசெய்த கணக்கு டாலர். உங்கள் கிராமத்தில் எந்த வீடு ஏழை வீடு என்று அது சொல்லாது.

குடி பற்றிய வரியை நீங்கள் எழுதியிருக்க வேண்டாம். பல நாடுகளில் ஏழைகளுக்குப் பணமாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். குடிக்கும் புகையிலைக்கும் ஆகும் செலவு கூடவில்லை. உதவி செய்யக் கிளம்புகிறவர் முதலில் கழற்றி வைக்க வேண்டியது இந்தச் சந்தேகத்தை. இதை வைத்துக்கொண்டு ஒரு வீட்டு வாசலில் போய் நின்றால், அவர்கள் உங்களிடம் ஒரு உண்மையும் சொல்ல மாட்டார்கள்.

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுதக் காரணம் வேறு. ஆடு கைமாறிய மறுநாளிலிருந்து அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று ஏன் யாரும் திட்டம் போடுவதில்லை என்று கொஞ்ச நாளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்களும் போடவில்லை.

ஏழாயிரத்துக்கு வருவது பெரும்பாலும் இரண்டு பல் போட்ட, அதாவது ஒரு வயது தாண்டிய, இன்னும் சினைபிடிக்காத பெட்டை. கிடா சேர்ந்து சினைபிடிக்க ஒன்றிரண்டு மாதம். சினைக்காலம் ஐந்து மாதம். குட்டி விற்கிற எடைக்கு வர இன்னும் ஆறு மாதமாவது வேண்டும். முதல் காசு கைக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிடும். நடுவில் பள்ளி திறக்கும். யாருக்காவது காய்ச்சல் வரும். ஆட்டை மேய்க்க ஒருவர் நின்றால் அன்றைய கூலி போய்விடும். வீட்டில் விற்கத்தக்க ஒரே பொருள் அந்த ஆடுதான். விற்றுவிடுவார்கள். அதற்குப் பிறகு நீங்களே அவர்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்பீர்கள்.

வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு நிறுவனம் 2002-ல் பரம ஏழைகளுக்கான திட்டத்தைத் தொடங்கியபோது இந்த இடைவெளியைத்தான் அடைத்தது. மாடோ ஆடோ பெண்ணின் கையில் கொடுத்தார்கள். பலன் வரும்வரை சோற்றுக்கு வாராவாரம் சிறு தொகை தந்தார்கள். வளர்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டு வருடம் ஊழியர் வீட்டுக்கே தொடர்ந்து போனார். இதே முறையை எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் சோதித்து, பொருளாதார அறிஞர்களான அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். ஹோண்டுராஸில் மட்டும் போட்ட செலவு திரும்பவில்லை. அங்கே பலருக்கும் கொடுத்தது கோழி. நோய் வந்து கோழிகள் செத்தன. மேற்கு வங்கத்து முர்ஷிதாபாத்திலோ பத்து வருடம் கழித்துப் போய்ப் பார்த்தபோதும் பலன் நின்றிருந்தது. அதற்குள் அவர்களில் பலர் கால்நடையிலிருந்து சிறு வியாபாரத்துக்கு நகர்ந்திருந்தார்கள். வெளியூர் போன பிள்ளைகள் பணம் அனுப்பினார்கள்.

நீங்கள் படிக்க வேண்டியது கானா. அங்கே சில குடும்பங்களுக்கு முழுத் திட்டமும், சில குடும்பங்களுக்கு ஆடு மட்டும் கொடுத்து ஒப்பிட்டார்கள். முழுத் திட்டம் கிடைத்தவர்கள் மூன்று வருடம் கழித்தும் மேலே இருந்தார்கள். ஆடு மட்டும் வாங்கியவர்களிடம் சராசரியில் முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை. நீங்கள் செய்யப்போவது இந்த இரண்டாவதை, அதுவும் ஒற்றை ஆட்டை வைத்து.

30 என்ற எண்ணை விடுங்கள். இது உங்களுக்கு வலிக்கும் என்று தெரியும். 22 வீட்டாரிடம் போய் இந்த முறை இல்லை என்று சொல்வது லேசானதல்ல. ஆனாலும் எட்டுக் குடும்பம்தான் உங்கள் பணத்துக்குத் தாங்கும். வீட்டுக்கு மூன்று பெட்டை, 21,000. வாரம் 300 ரூபாய் வீதம் 26 வாரத்துக்கு 7,800. கொட்டகைக் கூரை, தாது உப்புக்கட்டி, குடற்புழு மருந்து, காப்பீடு எல்லாம் சேர்த்து 2,200. வீட்டுக்கு 31,000 ஆகிறது, எட்டு வீட்டுக்கு 2,48,000. மீதி 52,000. பக்கத்து ஊரில் ஆடு வளர்த்துப் பழகிய ஒரு பெண்ணை, வாரம் ஒரு நாள் 500 ரூபாய்க்கு, 104 வாரம் அமர்த்துங்கள். அந்த 52,000-ஐ நிர்வாகச் செலவு என்று சொல்லி வெட்டத்தான் நண்பர்கள் முதலில் வருவார்கள். புடவையை வெட்டுங்கள். தீவன மூட்டையை வெட்டுங்கள். அந்த 52,000-ல் மட்டும் கை வைக்காதீர்கள்.

அந்தப் பெண் வாராவாரம் போய் என்ன செய்வார்? ஆட்டின் கீழ் இமையை விரித்துப் பார்ப்பார். சிவப்பாக இருந்தால் சரி. வெளுத்திருந்தால் பெரும்பாலும் வயிற்றில் ரத்தம் உறிஞ்சும் புழு இருக்கிறது. புழு மருந்தை எடை பார்த்துத்தான் ஊற்ற வேண்டும். குறைத்து ஊற்றினால் புழு சாகாமல் மருந்துக்குப் பழகிவிடும். சாணம், குளம்பு, மடி பார்ப்பார். வாரம் 20 ரூபாயாவது சேமிப்பு நோட்டில் ஏறுகிறதா என்று பார்ப்பார். பிறகு உட்கார்ந்து அந்த வீட்டுக் கவலையைக் கேட்பார். மாமியாருக்கு உடம்பு சரியில்லை, ஆட்டை விற்றுவிடலாமா என்ற பேச்சு அந்த நேரத்தில்தான் வெளியே வரும். மூன்றில் ஒன்றைக்கூட விற்காமல் சேமிப்பிலிருந்து சமாளிக்க வழி உண்டா என்று அவரும் கூட இருந்து யோசிப்பார்.

அடுத்தது விழா. அதை அடியோடு நிறுத்துங்கள். நாலு சந்தையில் வாங்கிய ஆடுகளை லாரியில் அடைத்து, வெயிலில் ஒரே மைதானத்தில் நிறுத்தி, மைக் கட்டி, படம் எடுத்து, அன்று மாலையே முப்பது வீட்டுக்கு அனுப்புவது ஆட்டுக்கொல்லி நோயைப் பரப்பச் சரியான வழி. அந்த நோய் தொற்றிய ஆடு நாலைந்து நாள் வெளியே நன்றாகத்தான் தெரியும். பிறகு காய்ச்சல், மூக்கொழுகல், வாய்ப்புண், கழிச்சல். வீட்டில் ஏற்கெனவே ஒரு ஆடு வைத்திருந்தால் அதுவும் போய்விடும். உதவி வாங்கப் போய் இருந்ததையும் இழந்த வீடு என்று ஒன்றை உங்கள் விழா உண்டாக்கிவிடக் கூடாது.

சந்தையைத் தவிர்த்து, அந்த வட்டாரத்து வளர்ப்பாளர்களிடமே வாங்குங்கள். வாங்கும்போது அந்த எட்டுப் பெண்களையும் அழைத்துப் போங்கள், ஆட்டை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். இரண்டு காம்பிலும் பால் துளை திறந்திருக்கிறதா, மடியில் கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். 24 ஆட்டையும் 21 நாள் தனியே ஓரிடத்தில் வையுங்கள். கால்நடை மருத்துவரிடம் முன்பே பேசி, அடையாள எண் உள்ள காதுவில்லை போட்டு, முதல் வாரத்திலேயே ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி போட்டுவிடுங்கள். கரைத்த மருந்தை ஐஸில் வைத்து, ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். எதிர்ப்பு உண்டாக இரண்டு வாரம் ஆகும், அதனால்தான் 21 நாள். துள்ளுமாரி என்ற குடல் நோய்க்கான தடுப்பூசியை மழைக்கு முன் வருடாவருடம் போட வேண்டும். ஆடு செத்தால் உடனே தகவல் கொடுக்கச் சொல்லிவையுங்கள். காதுவில்லையும் பிரேதப் பரிசோதனைச் சான்றும் இல்லாமல் காப்பீடு வராது.

24 பெட்டைக்கு ஒரு கிடா போதும். ஊரில் நல்ல கிடா இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் வசூல் செய்து ஒன்று வாங்குங்கள். அதற்குப் பிறந்த பெட்டைகள் பருவத்துக்கு வருமுன் கிடாவை மாற்றிவிடுங்கள். மலையடிவாரம் என்கிறீர்கள். மேய்ச்சலுக்கு எதுவரை போகலாம் என்று வனத்துறையிடம் கேட்டீர்களா? கேட்காமல் கொடுத்தால் அபராதம் கட்டுவது அந்தப் பெண்கள்தான். வேலியோரம் அகத்தியும் சூபாபுல்லும் இப்போதே நடச் சொல்லுங்கள். வளர்ந்த ஆட்டுக்கு நாளுக்கு மூன்று நான்கு கிலோ பசுந்தழை வேண்டும்.

எட்டு வீட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதற்கு, ஊரைக் கூட்டித் தரையில் தெருவை வரைந்து, எந்த வீடு எப்படி இருக்கிறது என்று அவர்களையே வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். பிறகு வீடு வீடாகப் போய்ச் சரிபாருங்கள். கூட்டத்துக்கே வராத வீட்டையும் மறக்காமல் போய்ப் பாருங்கள்.

தீபாவளிக்கு முன் எதையும் வாங்காதீர்கள். கறிக்காக ஆட்டு விலை ஏறும் நேரம் அது. பின்னாலேயே அடைமழை, ஈரக் கொட்டகை, புழு. தை பிறக்கட்டும். அதுவரை இருக்கும் நாட்களில் கொட்டகை போடுங்கள், தழை மரம் நடுங்கள், வாராவாரம் போகப்போகிற அந்தப் பெண்ணைத் தேடிக் கண்டுபிடியுங்கள். அவர் கிடைக்கவில்லையென்றால் எட்டு வீட்டுக்கும் பணமாகவே கொடுத்துவிடுங்கள், மொத்தமாக, ஒரே தவணையில், எதற்கு என்று கேட்காமல்.