ஃபேக்டோரியோங்கிற ஃபேக்டரி கட்டுற கேம்ல, மெஷினுக்குள்ள சொருகுற ப்ரொடக்டிவிட்டி மாட்யூல் போட்டா மெஷின் ஸ்லோ ஆகுதே, அப்புறம் என்ன லாபம்?

ஸ்லோ ஆகுறது உண்மைதான், ஆனா இந்த மாட்யூல் வேகத்துக்கு இல்ல, சரக்கை மிச்சம் பிடிக்க. லெவல் 3 மாட்யூல் ஒண்ணுக்கு 10% எக்ஸ்ட்ரா பொருள், பதிலுக்கு வேகம் 15% குறையும், கரண்ட் 80% கூடும். அசெம்ப்ளிங் மெஷின் 3-ல நாலு ஸ்லாட் இருக்கு, நாலுலயும் போட்டா 40% ஃப்ரீ, வேகம் 1.25-ல இருந்து 0.5-க்கு வந்துடும். மெஷின்ல பர்ப்பிள் கலர்ல தனியா ஒரு பார் ஓடும்ல, அது நிறைஞ்சா மூலப்பொருள் எதுவும் எடுக்காமலே ஒண்ணு வெளிய வரும்.

எல்லாத்துலயும் போட முடியாது, இடைநிலைப் பொருளுக்கு (வேற பொருள் செய்யப் பயன்படுறது) மட்டும்தான், பெல்ட்டு, இன்சர்ட்டருக்கெல்லாம் கிடையாது. என்னைக் கேட்டா மொதல்ல ராக்கெட் பார்ட் செஞ்சு ராக்கெட் விடுற ராக்கெட் சைலோல போடுங்க, ஏன்னா சங்கிலியோட கடைசில மிச்சமாகுற ஒவ்வொரு பார்ட்டும் அதுக்கு முன்னாடி செலவாகுற இரும்பு, காப்பர், ஆயில் எல்லாத்தையும் சேர்த்து மிச்சமாக்குது, பேஸ் கேம்ல (எக்ஸ்பான்ஷன் இல்லாம) ஒரு ராக்கெட்டுக்கு 100 பார்ட் வேணும்னா, நாலு மாட்யூல் போட்டு 72 தடவை செஞ்சாலே போதும். அடுத்து ஆராய்ச்சி பண்ற லேப்.

வேகத்துக்கு பக்கத்துல பீக்கன் (சுத்தி இருக்குற மெஷின்களுக்கு மாட்யூல் பலனைப் பரப்புறது) வச்சு ஸ்பீடு மாட்யூல் போடுங்க, பீக்கன்ல ப்ரொடக்டிவிட்டி போகாது. கரண்ட் பில் எகிறும், நியூக்ளியர் இருந்தா கவலையில்ல. பொல்யூஷனும் ஏறும், பைட்டர்ஸ்ங்கிற எதிரிப் பூச்சிங்க வந்து கதவைத் தட்டும், சுவரைப் பாத்துக்கோங்க.