காதும் தூக்கமும்: செவித்திறன் பரிசோதகர் பதில்கள்

ஈசூன் அண்ணன்: வீட்டுக்கு எதிரே சிங்கப்பூர் எம்ஆர்டி ரயில் மேம்பாலம். பழகிடுச்சு, இப்போ எழுவதே இல்லை. கெடுதல் உண்டா?

உண்டுண்ணே. கண்ணுக்கு இமை இருக்கு, காதுக்கு இல்லை. தூங்கும்போதும் செவிப்பறை அதிரும், உள்காது வேலை செய்யும். மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் பெரும்பாலான சத்தத்தை மறிச்சிடுது; ஆனா பேரைச் சொல்லிக் கூப்பிட்டா தூக்கத்திலும் மூளையலை மாறும். விழிக்காம இருக்கத்தான் நீங்க பழகியிருக்கீங்க. ரயில் கடக்கும்போது இதயத் துடிப்பு கூடுறது அவ்வளவு லேசில் பழகாது. ஐரோப்பாவுக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2018ல் பரிந்துரைத்த வரம்பு, வீட்டுக்கு வெளியே இரவு ரயில் சத்தம் சராசரி 44 டெசிபலுக்குக் கீழே. விடியற்காலைத் தூக்கம் லேசானது, முதல் ரயிலும் அப்போதான் வரும். முடிஞ்சா மறுபக்க அறையில் படுங்க.

அதே அண்ணன்: என் ரத்தக் கொதிப்புக்கு ரயில்தான் காரணமா? பயமுறுத்தாதீங்க.
பக்கத்து புளோக்காரர்: எனக்கு பிபி நார்மல். சும்மா சொல்றாங்க.

உங்க கொதிப்புக்கு ரயில்தான் காரணம்னு நான் சொல்லலை, யாராலும் சொல்ல முடியாது. இரவுச் சத்தம் கூடின இடங்களில் ரத்தக் கொதிப்பும் கூடுதலா இருக்கிறதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கு. ஒருத்தருக்கு நார்மலா இருக்கிறதால அது பொய்யாகிடாது.

ஜூரோங் தங்கச்சி: படுத்தாலே காதுக்குள்ள ‘ஙொய்’ங்குது.

அறை அமைதியானா அந்த இரைச்சல்தான் தூக்கலாத் தெரியும். காற்றாடியை ஓட விடும்மா, மெல்லிய சத்தம் நல்லது. தூக்கம் கெட்டா இரைச்சல் உறுத்தும், இரைச்சல் உறுத்தினா தூக்கம் கெடும். அந்தச் சுழலை உடைக்க அறிவுசார் நடத்தைச் சிகிச்சை, அதாவது நினைப்பையும் பழக்கத்தையும் மாத்திக்கப் பேசிப் பழக்குற சிகிச்சை, உதவுது. ஒரே காதில் மட்டும்னாலோ நாடித்துடிப்போட சேர்ந்து அடிச்சாலோ பாலிகிளினிக் (அரசு மருந்தகம்) போய், காது மூக்கு தொண்டை மருத்துவருக்குக் கடிதம் வாங்கு.

இன்னொருவர்: பட்ஸால் (பஞ்சுக் குச்சி) சுத்தம் பண்ணினா இரைச்சல் போகுமா?

போகாது. அழுக்கு உள்ளே தள்ளப்படும். பட்ஸ் வேண்டாம்.

தெம்பனிஸ் அக்கா: அம்மா காதுக் கருவியோடவே தூங்கறாங்க.

கழட்டச் சொல்லுங்க, காதுக்குள்ள காற்றுப் படணும். கழட்டினா அலாரம் கேட்காதேன்னு நினைச்சா, தலையணைக்கடியில் வைக்கிற அதிர்வு அலாரம் கிடைக்குது, வாங்கிக் கொடுங்க.

வேறொருவர்: குறட்டைக்கு?

நடுவில் மூச்சு நின்னு நின்னு வந்தா தூக்க மருத்துவரைப் பாருங்க. என் துறை இல்லை.

மறுபடி ஒருவர்: பட்ஸை மெதுவா விட்டா?

மெதுவாவும் வேண்டாம்.

உட்லண்ட்ஸ் தம்பி: நேத்துத் தூங்கி எழுந்ததிலிருந்து வலது காது அடைச்சிருக்கு. அடுத்த வாரம் பார்க்கலாமா?

கூடாது தம்பி, இன்னைக்கே போங்க. ‘ம்ம்ம்’னு முனகிப் பாருங்க. சத்தம் அடைச்ச காதில் கேட்டா அழுக்காவோ சளியாவோ இருக்கலாம். நல்ல காதில் கேட்டா உள்காதோ நரம்போ பாதிச்சிருக்கலாம். எதுவா இருந்தாலும் டாக்டர்தான் உறுதி செய்யணும். திடீர்ச் செவிட்டுக்கு ஸ்டீராய்டு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குறோமோ அவ்வளவு நல்லது, இரண்டு வாரம் தாண்டினா பலன் குறைஞ்சிடும். முதல்ல கிளம்புங்க, மீதியை வந்து கேளுங்க.