பிளாஸ்டர் போட்ட பிறகும் பிள்ளை வலியில் கத்தினால்

கேள்வி (திருக்கோவிலில் இருந்து ஒரு தாய்): என் 8 வயது மகன் கொய்யா மரத்தால் விழுந்து முன்கை எலும்பு இரண்டும் முறிந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் பிளாஸ்டர் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். நேற்று இரவு முழுக்க அழுதான், விரல்கள் வீங்கியிருக்கின்றன. கிளினிக் 2 கிழமைக்குப் பிறகுதான். பிளாஸ்டரை வெட்டிவிட்டு எண்ணெய்ப் பத்துக் கட்டினால் 10 நாளில் பொருந்துமாமே?

பதில்: கட்ட வேண்டாம். கிளினிக் நாள்வரை காத்திருக்கவும் வேண்டாம். இப்போதே பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாக நீங்களே மெல்ல நிமிர்த்திப் பாருங்கள். நிமிர்த்தும்போது முன்கைக்குள் வலித்துத் துடித்தாலோ, விரல் விறைத்திருந்தாலோ, பனடோலுக்கும் அடங்காமல் வலி ஏறினாலோ, உள்ளே வீக்கம் தசையின் இரத்த ஓட்டத்தை நெரிக்கிறது என்று எடுங்கள். நகம் சிவப்பாக இருக்கிறதே என்று ஆறுதல் அடையாதீர்கள். சில மணித்தியாலத்தில் தசை செத்து, விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும்.

உடனே 1990க்கு அழையுங்கள், அம்புலன்சுக்குக் காசு கட்டத் தேவையில்லை. கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். மயக்க மருந்து தேவைப்படலாம், சாப்பாடு கொடுக்காதீர்கள். "கிளினிக்குக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பப் பார்த்தால் நகராதீர்கள். "விரல நிமித்தினா கத்துறான்" என்று வைத்தியரிடமே சொல்லுங்கள். பிளாஸ்டரோடு உள்ளே சுற்றிய பஞ்சையும் தோல் தெரியும்வரை அவர் பிளக்க வேண்டும். இந்த நாலு வரியைத் தமிழில் அச்சடித்துக் கையில் கொடுக்காமல், ஆங்கிலத்தில் திகதி மட்டும் எழுதிப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவதை எப்படிப் பொறுப்பது?

அப்படி ஒன்றும் இல்லை, வெறும் வீக்கம்தான் என்றால் கையைத் தலையணையில் நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வையுங்கள். விரல்களை அடிக்கடி மடக்கி நீட்டச் சொல்லுங்கள். 20 கிலோ நிறைக்கு 500 மில்லிகிராம் பனடோலில் அரைக் குளிசை, 6 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை.

இனி அந்த 10 நாள் கதை. ஆஸ்பத்திரி வாசலில் நின்று "நல்ல பரிகாரி இருக்கார்" என்று ஏற்றிப்போகிறவர்களுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று கொமிஷன் கிடைப்பதும் உண்டு. 10 நாளில் வலி தானாகவே குறையும். அதைக் குணம் என்று காட்டித்தான் காசு வாங்குகிறார்கள். இந்த வயதில் முன்கை பொருந்த ஏறக்குறைய 6 கிழமை வேண்டும். இடையில் கட்டை அவிழ்த்து உருவினால் எலும்பு நகர்ந்து கோணலாக ஒட்டும். மூங்கில் பத்தை வைத்து இறுக்கினாலோ, நான் மேலே சொன்ன நெரிப்பு இன்னும் மோசமாக வரும்.

சும்மா சுளுக்குக்கு எண்ணெய் பூசுவதில் எனக்குச் சண்டையில்லை. முழங்கையை மட்டும் விட்டுவிடுங்கள். முறிவே இல்லை, வெறும் அடிதான் என்றாலும் முழங்கையை உருவக்கூடாது, இழுத்து நிமிர்த்தக்கூடாது, சூடு வைக்கவும் கூடாது. அடிபட்ட தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து மூட்டு பூட்டிக்கொள்ளும். பிறகு சோற்றுக் கை வாய்க்கு எட்டாது. பிள்ளை தானாக மடக்கி நீட்டுவதே போதும்.

கடைசியாக, 2 கிழமைத் திகதியை ஏற்காதீர்கள். பிளாஸ்டருக்குள்ளும் எலும்பு நகரும். ஒரு கிழமைக்குள் மறுபடி எக்ஸ்ரே எடுத்தால் திருத்தலாம், பிந்தினால் பிள்ளைகளுக்குச் சீக்கிரமே நகர்ந்தபடியே ஒட்டிவிடும். முதல் எக்ஸ்ரேயையும் கையோடு கொண்டுபோங்கள்.