பல் சுத்தம் செய்யும் படிப்புக்கு 8 லட்சமா?

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கிறோம். கணவர் விசைத்தறி ஓட்டுகிறார். மகள் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து, உயிரியல் எடுத்து 12-ஆம் வகுப்பு முடித்திருக்கிறாள். டென்டல் ஹைஜீனிஸ்ட் டிப்ளமோ படிக்க ஆசைப்படுகிறாள். 2 வருடத்துக்கு எல்லாம் சேர்த்து 2 லட்சம் ஆகும் என்கிறார்கள். இன்னொரு ஏஜென்ட், படிக்கவைத்து அமெரிக்காவுக்கும் அனுப்பிவைக்க 8 லட்சம் கேட்கிறார். 7 பவுன் நகையும், செல்வமகள் கணக்கில் 1,60,000 ரூபாயும் இருக்கின்றன. நகையை அடகு வைத்து, மீதியைக் கடன் வாங்கி அனுப்பலாமா?

பதில்: நகை பீரோவிலேயே இருக்கட்டும் அம்மா. படிப்பு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அமெரிக்கச் சம்பளத்தை நம்பி அம்மாப்பேட்டையில் கடன் வாங்காதீர்கள் என்கிறேன்.

முதலில் அந்த ஏஜென்ட் கதை. அமெரிக்காவில் இந்த வேலைக்கு உரிமம் கொடுப்பவை மாநிலங்கள். பெரும்பாலான மாநிலங்களில், அங்கே அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் படித்து, தேசியத் தேர்வும் எழுதி, அப்புறம்தான் உரிமத்துக்கு விண்ணப்பிக்க முடியும். நம் ஊர் 2 வருட டிப்ளமோவைக் காட்டினால் நேராக வேலை கிடைக்காது. 8 லட்சத்தை 10.5% வட்டியில் 5 வருடத்தில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 17,200 ரூபாய். தறிக்கூலியில் அது எங்கே முடியும்?

இனி, நம் ஊரில் இந்தப் படிப்புக்கு என்ன மதிப்பு என்று பார்ப்போம். பல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்வது, மெருகூட்டுவது, பல் பராமரிப்பைச் சொல்லிக்கொடுப்பது என்று ஹைஜீனிஸ்ட்டின் வேலையை 1948-ஆம் ஆண்டு பல் மருத்துவர் சட்டமே வரையறுத்தது. பல் மருத்துவருக்குக் கீழேதான் வேலை பார்க்க வேண்டும், தனியாகக் கிளினிக் வைக்க முடியாது. சின்னக் கிளினிக்குகளில் டாக்டரே ஸ்கேலிங், அதாவது பல் சுரண்டும் வேலையைச் செய்துவிடுவதால், ஹைஜீனிஸ்ட்டுக்கென்று தனியாக வேலை அதிகம் இல்லை. அரசு வேலையும் அபூர்வம். ரயில்வே 2024-ல் துணை மருத்துவப் பணியாளர்களை எடுத்தபோது, நாடு முழுவதற்குமாக இந்தப் பதவிக்கு 3 இடங்கள்தான். ஆரம்பச் சம்பளம் 35,400 ரூபாய், ஆனால் டிப்ளமோவோடு அறிவியல் பட்டமும் அனுபவமும் கேட்டார்கள். கடனைச் சின்னதாக வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான். நீங்களே நாலைந்து கிளினிக்குகளில் என்ன சம்பளம் தருகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

போன மாதம் அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு கிளினிக்கில் நான் பல் சுத்தம் செய்துகொண்டேன். செய்தது ஒரு இளம் ஹைஜீனிஸ்ட். மோதிர விரலைப் பக்கத்துப் பல்லில் ஊன்றிக்கொண்டு, கருவியைப் பேனா போலப் பிடித்திருந்தார். முனையைப் பல்லில் அழுத்தவே இல்லை, பக்கவாட்டில் படுகிற மாதிரி நகர்த்திக்கொண்டே இருந்தார். "அழுத்தினால் பல் தேயும் சார், காறை போகாது" என்றார். முதலில் பொம்மைத் தலையில்தான் பழகினாராம். உண்மையான வாயில் நாக்கு தள்ளும், எச்சில் ஊறும், ரத்தம் கசியும். அதற்குக் கை பழக எத்தனையோ நோயாளிகள் வேண்டியிருந்தது என்றார். நம் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. தர்மபுரியிலும் சேலம் மாவட்டத்தின் சில இடங்களிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அதனால் வரும் பழுப்புக் கறை பல்லுக்குள்ளேயே இருப்பது, சுரண்டினால் போகாது. வெற்றிலை, புகையிலைக் கறை மேலே படிந்தது, போய்விடும். இரண்டையும் பார்த்ததும் பிரித்துச் சொல்வது பல வாய்களைப் பார்த்தால்தான் வரும்.

அதனால் கல்லூரிக் கட்டிடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். ஒரு திங்கட்கிழமை காலை 10 மணிக்கு மகளோடு போய், புறநோயாளி சீட்டு வாங்க எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். நாற்காலிகள் காலியாகக் கிடந்தால் பயிற்சியும் அப்படித்தான் இருக்கும். ஏற்காடு எஸ்டேட் மாதிரி இடங்களுக்கு முகாம் போகிறார்களா, அங்கே மாணவிகள் கையால் செய்கிறார்களா, நோட்டு மட்டும் பிடிக்கிறார்களா என்று சீனியர்களிடம் கேளுங்கள். பல் மருத்துவப் படிப்புகளுக்கு அனுமதி தரும் மத்திய அமைப்பின் அங்கீகாரக் கடிதத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். அது இல்லாத இடத்தில் படித்தால் மாநிலப் பல் மருத்துவ கவுன்சிலில் ஹைஜீனிஸ்ட்டாகப் பதிய முடியாது. பதிவு இல்லாவிட்டால் உதவியாளர் சம்பளம்தான்.

சரி, பணத்துக்கு வருவோம். பத்தாவது முடித்த பெண்ணின் படிப்புக்கு, செல்வமகள் கணக்கில் முந்தைய மார்ச் 31 அன்று இருந்த தொகையில் பாதி வரை எடுக்கலாம். 1,60,000 அப்போதே இருந்திருந்தால் 80,000 கிடைக்கும். சேர்க்கைக் கடிதமும் கட்டண ரசீதும் தபால் நிலையத்தில் கேட்பார்கள். மீதி 1,20,000-க்குக் கல்விக் கடன் போதும். கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். 4 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்கு நகையோ பத்திரமோ ஈடாகத் தர வேண்டியதில்லை. மேனேஜர் நகைக் கடன் எடுக்கச் சொன்னால் பணிவாக மறுத்துவிடுங்கள்.

படிக்கும் காலமும் அதன் பிறகு ஒரு வருடமும் தவணை கிடையாது, ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். 10.5% என்றால் 1,20,000-க்கு மாத வட்டி 1,050 ரூபாய். ஆறாவது முதல் அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், டிப்ளமோவுக்கும் உண்டு. கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும், அதனால் சேரும்போதே கேட்டுவிடுங்கள். அந்தப் பணத்தை வட்டிக்கே கட்டிவிட்டால் படிக்கும் காலத்தில் உங்கள் கையிலிருந்து மாதம் 50 ரூபாய்தான் போகும். படிப்பு முடிந்ததும் அந்த உதவி நின்றுவிடும், அடுத்த ஒரு வருடம் 1,050-ஐயும் கட்டிவந்தால் அசல் ஏறாது. பிறகு 5 வருடம் மாதம் 2,580 ரூபாய் அளவில் தவணை வரும். அதை உங்கள் மகள் தன் சம்பளத்திலேயே கட்டிவிடலாம்.

திங்கட்கிழமை போய்வந்து, வரிசையில் எத்தனை பேர் நின்றார்கள் என்று எழுதுங்கள். அதுவரை சேர்க்கைக் கட்டணம், முன்பணம் என்று யாரிடமும் எதுவும் கொடுக்க வேண்டாம்.