நம்பரைப் பார்த்தே வாடகை வண்டி என்று சொல்ல முடியுமா? மஞ்சள் போர்டுக்கு என்ன விதி?

தமிழ்நாட்டில் நம்பரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, போர்டின் நிறத்தைத்தான் பார்க்க வேண்டும். இங்கே லாரி, கார், ஸ்கூட்டர் எல்லாம் ஒரே வரிசையில் நம்பர் வாங்குகின்றன. தனி எழுத்து அரசு வண்டிகளுக்குத்தான்: 'என்' வந்தால் போக்குவரத்துக் கழகப் பேருந்து, 'ஜி' வந்தால் அரசுத் துறை வண்டி. ஆந்திராவில் அப்படி இல்லை. டி, யு, வி, டபிள்யூ, எக்ஸ், ஒய் என்று தொடங்கும் வரிசைகள் வாடகை, சரக்கு வண்டிகளுக்கு. கேரளாவில் அரசுப் பேருந்துகளுக்கென்றே கே.எல். 15 இருக்கிறது.

இப்போதைய டி.என். முறை 1989 ஜூலை 1-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளோடு வந்தது. அதற்கு முன் எம்.எஸ்.கியூ., டி.எம்.எக்ஸ். போல மூன்றெழுத்தும் நான்கு இலக்கமும்தான். 9999 முடிந்தால் வேறு மூன்றெழுத்து தேட வேண்டும். புதிய முறையில் மாநிலம், ஆர்.டி.ஓ. எண் (நாமக்கல் 28, திருச்செங்கோடு 34), வரிசை எழுத்து, பிறகு எண். ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பும் என்பதால் ஐ, ஓ இரண்டும் வரிசையில் வராது.

நிறத்துக்கு வருவோம். மஞ்சளில் கறுப்பு எழுத்து என்றால் வாடகை அல்லது சரக்கு வண்டி. கறுப்பில் மஞ்சள் எழுத்து, நாமே ஓட்டிக்கொள்ளும் வாடகைக் கார். பச்சை போர்டைப் பார்த்தால் எழுத்தையும் கவனியுங்கள்: வெள்ளை எழுத்து சொந்த மின்வண்டி, மஞ்சள் எழுத்து வாடகை மின்வண்டி. பலரும் தவறவிடுவது இதைத்தான்.

லாரி, வேன், காருக்கு எழுத்து உயரம் 65 மி.மீ., தடிமன் 10, இடைவெளி 10. 500 சி.சி.க்குக் குறைந்த ஆட்டோவுக்கு 35, 7, 5. எழுத்து ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். தமிழ் எழுத்தில் எழுதிய போர்டு, ஆசை நியாயமானாலும், செல்லாது. பின் போர்டு இரவில் வெள்ளை விளக்கொளியில் 15 மீட்டரிலிருந்து படிக்கத் தெரிய வேண்டும். டிப்பர்கள் மாட்டுவது இங்கேதான்: சேறு அப்பிக்கொள்ளும், பல்பு போயிருக்கும், தார்ப்பாய் தொங்கி மறைக்கும். எஃப்.சி.க்கு (வண்டியின் தகுதிச் சான்றுக்கான சோதனைக்கு) போகுமுன் இந்த மூன்றையும் பாருங்கள்.

2019 ஏப்ரல் 1 முதல் வந்த புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்புப் பலகை கட்டாயம்: அலுமினியத் தகடு, 20 மி.மீ. சதுர அசோகச் சக்கர ஹாலோகிராம், லேசரில் பொறித்த எண், கழற்ற முடியாத பூட்டு. பூட்டு உடைந்தால் சாதாரண போல்ட் போட்டு ஒப்பேற்றாதீர்கள், தகட்டில் கை வைத்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். டீலரிடம் சொல்லி முறையாக மாட்டிக்கொள்ளுங்கள்.

பழைய டாக்ஸியை வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. போர்டை வெள்ளையாக மாற்றிவிட்டால் அது சொந்த வண்டி ஆகிவிடாது. பெர்மிட்டை ஒப்படைத்து, வரி வித்தியாசத்தைக் கட்டி, ஆர்.சி.யில் வகையை மாற்ற வேண்டும். கடன் இருந்தால் நிதி நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும் தேவை. ஆர்.சி.யில் மாறாத வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.