நாவல்பழ மின்கலத்தில் வோல்ட் வருகிறது, விளக்கு ஏன் எரியவில்லை?

கேள்வி: வேளச்சேரியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். டைட்டானியம் டை ஆக்சைடு பூசிய கண்ணாடி, நாவல்பழச் சாறு, அயோடின் கரைசல் வைத்து மாணவிகள் சூரிய மின்கலம் செய்தார்கள். மொட்டைமாடி வெயிலில் மல்டிமீட்டர் 0.42 வோல்ட் காட்டுகிறது. சிவப்பு எல்.இ.டி.யை இணைத்தால் மினுங்கக்கூட இல்லை. எங்கே தப்பு?

பதில்: கலம் வேலை செய்கிறது. முதலில் அதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். சிவப்பு எல்.இ.டி.க்குச் சுமார் 1.8 வோல்ட் வேண்டும். ஒற்றைக் கலத்தால் அது ஆகாது. ஆனால் ஐந்தாறு கலங்களைத் தொடராக இணைத்தாலும் எரியாமல் போகலாம். காரணம் மின்னோட்டம்.

நாவல்பழத்தின் ஊதாச் சாயம் ஒளியை வாங்கியதும் ஓர் எலக்ட்ரானை டைட்டானியம் டை ஆக்சைடுக்குக் கொடுத்துவிடுகிறது. சாயம் வழங்கி, வெள்ளைப் பூச்சு ஏற்பி. இந்தக் கைமாற்றம் ஒரு பிகோசெகண்டுக்குள், அதாவது ஒரு நொடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். போன எலக்ட்ரான் திரும்பி வராமல் பார்த்துக்கொள்வதுதான் கஷ்டம். வெளிக்கம்பி வழியாகப் போகாமல், எலக்ட்ரானை இழந்த சாயத்திடமோ பக்கத்திலிருக்கும் அயோடின் கரைசலிடமோ அது குறுக்குவழியில் திரும்பிவிட்டால் அந்த ஒளி வீண். மல்டிமீட்டர் வோல்ட் அளக்கும்போது மின்னோட்டத்தை ஏறக்குறைய எடுப்பதே இல்லை. அதனால்தான் மின்னழுத்தம் நன்றாகத் தெரிகிறது, விளக்கை மாட்டினால் படுத்துவிடுகிறது.

சாயம் பூச்சோடு நிஜமாக ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். என் அனுபவத்தில் பெரும்பாலான கலங்கள் இங்கேதான் கோட்டை விடுகின்றன. ஊறவைத்த கண்ணாடியைத் தண்ணீரிலும் பிறகு எத்தனாலிலும் அலசுங்கள். ஊதா நிறம் அப்படியே நின்றால் நல்லது. வெளுத்துப்போனால் சாயம் வெறுமனே படிந்திருக்கிறது. சாய மூலக்கூறில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு ஹைட்ராக்சில் (OH) தொகுதிகள் டைட்டானியத்தைப் பிடித்துக்கொண்டால்தான் எலக்ட்ரான் தாவும். நாவல்பழத்தில் உள்ள சாயங்களில் டெல்ஃபினிடினுக்கு அந்தப் பிடி உண்டு, மால்விடினுக்குக் கிடையாது.

பூச்சை 450 டிகிரியில் அரை மணி நேரம் சுட வேண்டும். பூச்சுக் கலவையில் சேர்த்த பசை எரியும்போது பூச்சு பழுப்பாகி, அப்புறம் மறுபடி வெளுக்கும். அந்த இரண்டாவது வெள்ளை வரும் முன் அடுப்பை அணைத்துவிடாதீர்கள். மெதுவாக ஆறவிட்டு, கை பொறுக்கும் சூட்டிலேயே சாற்றில் இறக்குங்கள். நம் சென்னைக் காற்றில் முழுக்க ஆறவிட்டால் நுண்துளைகளில் ஈரம் ஏறி, சாயத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அயோடின் கரைசலையும் தண்ணீரில் இல்லாமல் எத்திலீன் கிளைக்காலில் செய்யுங்கள், சீக்கிரம் உலராது.

ஒப்பிட, சாயம் போடாத கலம் ஒன்றும் செய்யச் சொல்லுங்கள். வெயிலின் புற ஊதாக் கதிரை டைட்டானியம் டை ஆக்சைடு தானே வாங்கிக் கொஞ்சம் மின்சாரம் தரும். அதைக் கழித்தால் மீதிதான் நாவல்பழத்தின் பங்கு.

1991-இல் ஓரீகன், கிரேட்ஸல் என்ற விஞ்ஞானிகள் இதே வகைக் கலத்தில் ரூத்தேனியம் என்ற உலோகம் கலந்த சாயத்தை வைத்துச் சுமார் 7 சதவீதத் திறன் கொண்டுவந்தார்கள். பழச்சாற்றில் 1 சதவீதம் வந்தாலே பெரிது. எனவே எல்.இ.டி.யை விடுங்கள். நான்கைந்து கலங்களைத் தொடராக இணைத்து, பேட்டரியைக் கழற்றிய சிறு கால்குலேட்டருக்குக் கொடுங்கள். சில மைக்ரோ ஆம்பியரே அதற்குப் போதும். கூட்டல் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.